கண்காட்சி முடிந்த பிறகு: நான்கு மாணவ டிசைன்களின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன மாதம் ஒரு மாணவி நமக்கு எழுதியிருந்தாங்க. டிசைன் படிப்பில் கடைசி வருஷம். பட்டம் வாங்க ஒரு ப்ராஜெக்ட் செய்யணும். மனசுக்குள்ள ஒரு யோசனை இருக்கு, ஆனா வீட்டில் அப்பா கேட்கிறாராம்: "இதைப் பார்த்து எந்தக் கம்பெனி உனக்கு வேலை தரும்? பேசாம ஒரு ஆப் டிசைன் பண்ணிட்டுப் போயேன்மா." அப்பா சொல்றதிலும் நியாயம் இருக்கு. கடன் வாங்கிப் படிக்க வைத்தவருக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்காது.

அந்தப் பொண்ணு நம்மகிட்ட கேட்டது: "துணிச்சலா ஒரு ப்ராஜெக்ட் செஞ்சவங்களுக்குக் கடைசியில் என்ன ஆச்சு?"

நல்ல கேள்வி. பொதுவா இந்த மாதிரி ப்ராஜெக்ட்டுகளை நாம பார்ப்பது ஒரு அழகான படமாகத்தான். "மாணவரின் அசத்தல் கண்டுபிடிப்பு"ன்னு தலைப்பு வரும், பகிர்வோம், மறந்துடுவோம். அதுக்கப்புறம் பத்து வருஷத்தில் அந்தப் பொருளுக்கு என்ன நடந்ததுன்னு யாரும் சொல்றதில்லை. இன்னைக்கு நாம அதைத்தான் பேசப்போறோம். வெளிநாட்டில் மாணவர்கள் தொடங்கிய நான்கு டிசைன்கள். நாலுக்கும் நாலு விதமான முடிவு.

பாட்டி விழுங்கிய மாத்திரை

முதல் கதை நியூயார்க்கில். டெபோரா ஆட்லர், ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் கல்லூரியில் டிசைன் முதுகலை மாணவி. அவருடைய பாட்டி பெயர் ஹெலன், தாத்தா பெயர் ஹெர்மன். ஒருநாள் பாட்டி, தாத்தாவின் மாத்திரையைத் தவறுதலாக விழுங்கிவிட்டார்.

எப்படி நடந்ததுன்னு புரிய ஒரு விஷயம் தெரியணும். நம்ம ஊரில் மாத்திரை அட்டையில் வருது. அட்டையிலேயே மருந்தின் பெயர் அச்சாகியிருக்கும். அமெரிக்காவில் மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளை எண்ணி ஒரு ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டித் தருவார். யாருடைய குப்பியாக இருந்தாலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பாட்டி, தாத்தா இருவர் பெயரும் 'ஹெச்' என்ற எழுத்தில்தான் தொடங்குது. அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குப்பி. தப்பு நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆட்லர் அந்தக் குப்பியைத் தன் பட்டத் திட்டமாக எடுத்துக்கொண்டார். 2002ல் முடித்தார். அவர் முதலில் செய்தது புதுக் குப்பி வரைவது இல்லை. பழைய குப்பியில் என்னென்ன கோளாறு என்று பட்டியல் போட்டார். சீட்டில் பெரிதாக இருப்பது கடையின் பெயர். மருந்தின் பெயர் சின்னதாக இருக்கிறது. குப்பி உருண்டையாக இருப்பதால், ஒரு வரியைப் படிக்கவே அதைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை வாசகங்களின் நிறமும் எழுத்தும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இப்படிப் போகுது பட்டியல்.

அதிலிருந்துதான் புது வடிவம் வந்தது. தட்டையான முகம் உள்ள குப்பி. சீட்டின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மருந்தின் பெயர், எவ்வளவு, எப்போது சாப்பிடணும் என்பது மட்டும். டாக்டர் பெயர், காலாவதித் தேதி போன்றவை கோட்டுக்குக் கீழே. வீட்டில் ஆளுக்கு ஒரு நிற வளையம்: பாட்டிக்கு ஒன்று, தாத்தாவுக்கு வேறொன்று.

2005ல் 'டார்கெட்' என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் இதை 'கிளியர்ஆர்எக்ஸ்' என்ற பெயரில் தன் மருந்துக்கடைகளில் கொண்டுவந்தது. அதே வருஷம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இதைக் கண்காட்சியில் வைத்தது. ஒரு மாணவிக்கு இதைவிட வேறென்ன வேணும், இல்லையா?

ஆனா கதை அங்கே முடியலை. 2015ல் டார்கெட் தன்னுடைய 1,600க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளை 'சிவிஎஸ்' நிறுவனத்துக்கு விற்றது. சிவிஎஸ் தன்னுடைய வழக்கமான குப்பிக்கே திரும்பியது. நிற வளையத்துக்குப் பழகிப்போன வாடிக்கையாளர்கள் பலர் வருத்தப்பட்டார்கள், சமூக ஊடகங்களில் கேள்வி கேட்டார்கள். குப்பியில் ஒரு குறையும் இல்லை. அது யார் கையில் இருந்ததோ அவர்கள் கடையை விற்றார்கள், அதோடு அதுவும் போயிற்று.

இதற்குப் பின்னாலும் ஒன்று நடந்தது. 2017ல் அதே சிவிஎஸ், அதே ஆட்லரை அழைத்து, எந்த மருந்தை எந்த வேளைக்கு எடுக்கணும் என்று தெளிவாகக் காட்டும் ஒரு புதிய சீட்டு முறையை உருவாக்க வைத்தது. குப்பி போனாலும், பதினைந்து வருஷமாக அதே பிரச்சினையோடு இருந்த ஆளைத் தேடித்தான் வந்தார்கள்.

காற்றில் உருளும் பந்து

இரண்டாவது கதை நெதர்லாந்தில். ஆனால் தொடங்குவது காபூலுக்கு வெளியே.

மாசூத் ஹசனி ஆப்கானிஸ்தானில் வளர்ந்தவர். சின்ன வயதில் காற்றடித்தால் உருளும் பொம்மைகளைத் தானே செய்து விளையாடுவார். காற்று வேகமாக அடித்தால் பொம்மை உருண்டு போய்ப் பக்கத்து வெளியில் விழும். அந்த வெளியில் கண்ணிவெடி புதைத்திருந்தது. போய் எடுக்க முடியாது. போனது போனதுதான்.

பிறகு நெதர்லாந்து போனார். ஐந்தோவன் நகரின் டிசைன் அகாடமியில் படித்தார். 2011ல் பட்டத் திட்டத்துக்கு அந்தப் பழைய பொம்மையையே திரும்பச் செய்தார், ஆனால் ஆளைவிடப் பெரிதாக. நடுவில் ஒரு கோளம், அதிலிருந்து எல்லாப் பக்கமும் மூங்கில் கால்கள், காலின் நுனியில் வட்டமான பிளாஸ்டிக் பாதம். காற்று இதைத் தள்ளிக்கொண்டு போகும். கண்ணிவெடியை மிதித்தால் வெடிக்கும், சில கால்கள் உடையும், மீதிக் காலோடு உருளும். உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் கருவி, அது போன பாதையைப் பதிவு செய்யும். பெயர் 'மைன் கஃபோன்'. தாரி மொழியில் வெடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

சரி, கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்களுக்குத் தயக்கம் இருந்தது. காரணம் எளிமையானது. கண்ணிவெடி அகற்றும் வேலையில் "பெரும்பாலும் எடுத்துட்டோம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு நிலத்தை ஊராரிடம் திருப்பிக் கொடுக்கும்போது, ஒவ்வொரு அடியும் சோதிக்கப்பட்டது என்று சொல்ல முடியணும். காற்று தன் இஷ்டத்துக்குத் தள்ளும் பந்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது போன பாதை தெரியும். போகாத இடத்தைப் பற்றி எதுவும் தெரியாது. மேடு பள்ளம், புதர், ஈர மண் என்றால் பந்து நகரவே நகராது.

அப்ப இது தோற்றுப்போன ப்ராஜெக்ட்டா? ஒரு கருவியாகப் பார்த்தால், அந்தப் பந்து வெடி அகற்றும் குழுக்களின் அன்றாட வேலைக்குள் போகவில்லை. ஆனால் ஹசனி அங்கேயே நிற்கவில்லை. 2016ல் டிரோன் மூலம் கண்ணிவெடியைத் தேடும் திட்டத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். டிரோனை வரிசை வரிசையாக, இடம் விடாமல் பறக்க வைக்கலாம். பந்தின் மேல் சொல்லப்பட்ட குறைக்கு அது நேரடியான பதில்.

கழுத்தில் ஒரு காற்றுப்பை

மூன்றாவது, ஸ்வீடன். 2005ல் அங்கே 15 வயதுக்குட்பட்டவர்கள் சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட் போடணும்னு சட்டம் வந்தது. பெரியவர்களுக்கும் கட்டாயமாக்கலாமா என்று பேச்சு கிளம்பியது. பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கலை. தலைமுடி கலையும், தூக்கிக்கிட்டு அலையணும், பார்க்க நல்லா இல்லை... காரணங்கள் நமக்கும் தெரிஞ்சதுதானே!

லுண்ட் பல்கலைக்கழகத்தில் அன்னா ஹவுப்ட், தெரேஸ் அல்ஸ்டின் என்று இரண்டு மாணவிகள். முதுகலை ஆய்வுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி: ஜனங்கள் விரும்பிப் போட்டுக்கொள்ளும் ஹெல்மெட் எப்படி இருக்கும்? கடைசியில் அவர்கள் கொண்டுவந்தது தலையில் போடுவதே இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு காலர். உள்ளே காரில் இருப்பது போன்ற காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். விழப்போகிற அசைவை உணரிகள் கண்டுபிடித்ததும், சுமார் பத்தில் ஒரு நொடியில் பை விரிந்து தலையை மூடிக்கொள்ளும்.

கேட்க எளிது. ஆனால் குனிந்து பையை எடுப்பது எது, விழுவது எது என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஸ்டன்ட் கலைஞர்களையும் பொம்மைகளையும் வைத்து விபத்துகளைத் திரும்பத் திரும்ப நடத்தி அசைவுகளைப் பதிவு செய்தார்கள். 2006ல் 'ஹோவ்டிங்' என்ற நிறுவனம் தொடங்கினார்கள். பொருள் கடைக்கு வர 2011 ஆயிற்று. படிப்பு முடிந்து ஒரு பொருள் விற்பனைக்கு வர ஆறு வருஷம், இதைக் கவனிச்சுக்கோங்க.

2016ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சோதித்தபோது, வழக்கமான நுரை ஹெல்மெட்டைவிட இது அதிர்வை வெகுவாகக் குறைத்தது. ஒரு நிபந்தனையோடு: தலை மோதும் முன் பை சரியான அழுத்தத்தில் விரிந்திருக்க வேண்டும்.

அந்த நிபந்தனைதான் பின்னால் பெரிய பிரச்சினையாக வந்து நின்றது. 2023 நவம்பரில் ஸ்வீடனின் நுகர்வோர் அமைப்பு, பாதுகாப்பு குறித்த கவலையால் அப்போதைய மாடலின் விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. நிறுவனம் அதை மறுத்து வாதாடியது. ஆனாலும் டிசம்பரில் திவாலானது. மக்கள் நம்பித் தலையைக் கொடுக்கிற பொருள் இது. இதில் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால், மீண்டு வருவது ரொம்பக் கஷ்டம்.

"எங்களுக்குக் கோட் வேண்டாம்"

கடைசிக் கதை அமெரிக்காவின் டெட்ராய்ட். இது சரியாகச் சொன்னால் பட்டத் திட்டம் இல்லை, 2010ல் ஒரு வகுப்பில் கொடுத்த வேலை. வெரோனிகா ஸ்காட், காலேஜ் ஃபார் கிரியேட்டிவ் ஸ்டடீஸ் மாணவி. உண்மையான ஒரு தேவைக்கு டிசைன் செய்யணும் என்பதுதான் பணி. அந்த ஊரில் குளிர்காலம் கொடுமையானது. வீடில்லாதவர்கள் தங்கும் இடத்துக்கு வாரத்தில் பல நாள் போய், அவர்களோடு இருந்து, பகலில் கோட்டாகவும் இரவில் தூங்கும் பையாகவும் மாறும் ஒன்றைத் தைத்தார்.

அங்கே ஒரு பெண்மணி கோபமாகச் சொன்னார்: எங்களுக்குக் கோட் வேண்டாம், வேலை வேணும்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. மாதக்கணக்கில் உழைத்துச் செய்ததை, யாருக்காகச் செய்தோமோ அவங்களே வேண்டாம்னு சொன்னா எப்படி இருக்கும்? ஸ்காட் அந்தப் பேச்சைத் தூக்கி எறியவில்லை. கோட்டையும் விடவில்லை. வீடில்லாதவர்களையே சம்பளத்துக்கு வைத்து அந்தக் கோட்டைத் தைக்கும் அமைப்பைத் தொடங்கினார். பெயர் 'எம்பவர்மென்ட் பிளான்'. கார்ஹார்ட் நிறுவனம் தையல் மெஷினும் துணியும் கொடுத்தது. காருக்குள் சத்தம் வராமல் தடுக்கும் பஞ்சு போன்ற பொருளை ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்தது. அதுதான் கோட்டில் குளிரைத் தடுக்கும் உள்பகுதி. அங்கே வேலை நேரத்தின் ஒரு பகுதி தையலுக்கு, மற்றொரு பகுதி படிப்புக்கும் பயிற்சிக்கும். இவ்வளவும் அந்தப் பெண்மணியின் கோபத்திலிருந்து வந்தது.

அப்பாவுக்கு என்ன சொல்வது?

இப்ப அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். நாலு கதையில் எதிலும் சொன்ன பொருள் சொன்னபடியே நிலைக்கவில்லை. ஒன்று கடையோடு போனது, ஒன்று களத்துக்கே போகவில்லை, ஒன்று திவாலானது, ஒன்று வேறு வடிவம் எடுத்தது. ஆனால் இந்த முடிவுகள் எதுவுமே கண்காட்சி நாளில் தெரிந்திருக்காது.

அதனால் ப்ராஜெக்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மூணு கேள்வி கேட்டுக்கோங்க. ஒன்று, இந்தக் கஷ்டத்தை அனுபவிக்கிற ஆளை எனக்குத் தெரியுமா, அவரிடம் திரும்பத் திரும்பப் போக முடியுமா? ஆட்லருக்குப் பாட்டி இருந்தார், ஸ்காட்டுக்கு அந்தத் தங்குமிடம் இருந்தது. இரண்டு, அந்தத் துறையில் தினமும் வேலை செய்கிறவர் இதைப் பார்த்து எந்த இடத்தில் தலையை ஆட்டுவார்? அவரை ஜூரி நாளுக்கு முன்னாலேயே போய்ப் பாருங்க. மூணு, பட்டம் வாங்கிய பிறகு இது யார் கையில் இருக்கும்? காப்புரிமை, உற்பத்தி, பழுது வந்தால் பொறுப்பு, எல்லாம் இதில் அடக்கம்.

மூணுக்கும் பதில் இருந்தால், அப்பாகிட்ட தைரியமா பேசலாம். ஆப் செய்தாலும் இதே மூணு கேள்விதான். ஆப் என்பதால் அது பாதுகாப்பான வழி ஆகிவிடாது. வேலைக்கு எடுக்கிறவர் முன்னால் உட்கார்ந்து, "இங்கே நான் தப்பு பண்ணினேன், இவர் சொன்னார், இப்படி மாத்தினேன்"னு சொல்ல உங்ககிட்ட ஒரு கதை இருக்கணும். அழகான படம் மட்டும் இருந்தால் அந்தப் பேச்சு ரெண்டு நிமிஷத்தில் முடிஞ்சிடும்.

தங்கச்சி, உங்க ப்ராஜெக்ட் முடிஞ்சதும் எழுதுங்க. ஜூரி என்ன சொன்னாங்கன்னு மட்டும் இல்லை, யாருக்காகச் செஞ்சீங்களோ அவங்க என்ன சொன்னாங்கன்னும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.