இன்னும் எத்தனை நிமிடம் பறக்கலாம்?

1997 அக்டோபர் 12. கலிஃபோர்னியாவின் மான்டெரே விமான நிலையம். பாடகர் ஜான் டென்வர் அப்போதுதான் வாங்கியிருந்த லாங்-ஈஸி என்ற குட்டி விமானத்தில் தனியே கிளம்புகிறார். ஒரு டேங்க்கிலிருந்து இன்னொரு டேங்க்குக்கு மாற்றும் வால்வின் கைப்பிடி, வடிவமைத்தவர் சொன்னபடி கால்களுக்கு நடுவே இல்லை. விமானத்தைக் கட்டியவர் அதை ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அங்கிருந்த டெக்னீஷியனும் டென்வரும் கைப்பிடியில் இடுக்கியை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், அப்போதும் எட்டவில்லை. எரிபொருள் அளவு காட்டும் குழாய்களும் முதுகுக்குப் பின்னால்தான். அவற்றைப் பார்க்க டெக்னீஷியன் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார். எரிபொருள் நிரப்பலாமா என்ற பேச்சு வந்தபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர்.

சற்று நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. கைப்பிடியைத் திருப்பப் பின்னால் திரும்பியபோது அவருடைய வலது கால், விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் பெடலை அழுத்திவிட்டது என்பது அமெரிக்க விபத்து விசாரணை வாரியத்தின் முடிவு. கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பாததையும் அது குற்றமாகச் சொன்னது. ஐந்து நிமிட வேலை அது. நினைத்தால் மனம் ஆறவில்லை.

அமெரிக்காவில் எரிபொருள் கவனக்குறைவால் ஆண்டுக்கு 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நடக்கின்றன என்று அதே வாரியம் 2017இல் எச்சரித்தது. பெரும்பாலானவற்றில் பழுது இயந்திரத்தில் இல்லை, கணக்கில்தான். எதிர்க்காற்று கூடும், வழி சுற்றும், இறங்கும் இடத்தில் மேகம் மூடும். வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் விமானத்தில், போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்க எரிபொருள் மிச்சமிருக்கும்படி திட்டமிட வேண்டும் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். அது குறைந்தபட்சம்தான், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வதே என் கட்சி. மீட்டர் முள்ளை மட்டும் நம்பாமல் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும்.

வானத்தில் எரிபொருள் குறைந்துவிட்டால் கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொல்லக் கூச்சப்படக் கூடாது. 'மினிமம் ஃபியூயல்' என்பது தகவல் மட்டுமே, அதற்கு முன்னுரிமை கிடைக்காது. 'மேடே ஃபியூயல்' என்றால்தான் வழிவிடுவார்கள். அவசரத்தில் தேவையான அளவுக்கு விதியை மீற விமானிக்குச் சட்டமே அனுமதி தருகிறது.

கூட ஏறுபவர் நீங்களென்றால் என்ஜின் போடும் முன் கேளுங்கள்: எத்தனை நிமிடப் பயணம், எத்தனை நிமிட எரிபொருள், கண்ணால் பார்த்தீர்களா? "அதெல்லாம் போதும்" என்று மட்டும் பதில் வந்தால் இறங்கிவிடுங்கள்.