பேட்டரி வண்டியின் "மூளை"யை உள்ளூரிலேயே செய்த கம்பெனி!
மானியம் நின்றதும் மார்க்கெட் படுத்தது. தம்பதி தாக்குப் பிடித்தது எப்படி?

கோவில்பட்டி,
மதுரை ரோட்டிலும் மார்க்கெட் பக்கமும் சத்தமில்லாமல் ஓடும் பேட்டரி ஸ்கூட்டர்களை இப்போது நிறையப் பார்க்கலாம். சீட்டுக்கு அடியிலோ கால் வைக்கும் பலகைக்குக் கீழோ ஒரு சின்ன அலுமினியப் பெட்டி இருக்கும். அதுதான் கன்ட்ரோலர். அது செத்தால் வண்டி செத்தது. பேட்டரி புல்லாக இருந்தாலும் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்!

அந்தப் பெட்டியை நம்மாளுகளே செய்ய வேண்டும் என்று கிளம்பிய கோவை கம்பெனியின் கதை இது. விவரம் வருமாறு:-

சிங்கப்பூரில் இருந்து திரும்பினர்

கம்பெனி பெயர் ஆம்பியர். 2008-ம் ஆண்டு கோவையில் தொடங்கியது. தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை. கூட நின்று தொழில்நுட்பத்தைக் கவனித்தவர் அவருடைய கணவர் பாலா பச்சையப்பா. இருவரும் சிங்கப்பூரில் நல்ல நிலையில் இருந்தவர்கள். சொந்தப் பணத்தைப் போட்டு இறங்கினார்கள்.

அந்தக் காலத்தில் பேட்டரி வண்டி என்றால் சீனாவில் இருந்து பாகம் பாகமாக வாங்கி இங்கே பூட்டி விற்பதுதான் வழக்கம். அது சரிப்பட்டு வரவில்லை. சார்ஜர், கன்ட்ரோலர், மோட்டார் மூன்றையும் சொந்தமாக உருவாக்கும் வேலையில் இறங்கியது ஆம்பியர். குப்பை அள்ளவும், ஆலைகளில் சரக்கு இழுக்கவும்கூட வண்டி செய்தார்கள்.

பெட்டிக்குள் என்ன?

பேட்டரியில் இருந்து வருவது நேர் மின்சாரம். மோட்டார் சுற்ற மூன்று ஒயர்களில் மாறி மாறிப் பாய வேண்டும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல ஆயிரம் முறை அணைந்து எரிந்து இந்த வேலையைச் செய்கின்றன. ஆக்சிலேட்டரைத் திருகினால் கூடுதலாகத் திறந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடு கிளம்பும். அந்தச் சூடு வெளியேறாவிட்டால் டிரான்சிஸ்டர் வெடித்து விடும். நம்ம கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில் வெளியேயே அனல் என்றால், பெட்டிக்குள் கேட்கவா வேண்டும்?

விழுந்தது இடி

மத்திய அரசு 2010-ல் பேட்டரி வண்டிக்கு மானியம் கொடுத்தது. மெதுவாக ஓடும் ஸ்கூட்டருக்கு ரூ.4,000 வரை, வேகமாக ஓடுவதற்கு ரூ.5,000 வரை. 2012 மார்ச்சில் அது நின்றது. விற்பனை சரிந்தது. எத்தனையோ கம்பெனிகள் கடையைக் கட்டின. அடுத்த மானியத் திட்டம் வந்தது 2015 ஏப்ரலில்தான். மூன்று வருஷம்! சம்பளம் கொடுப்பவருக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

ஆம்பியர் தப்பியது. 2015-ல் ரத்தன் டாட்டா பணம் போட்டார். 2018-ல் கிரீவ்ஸ் காட்டன் கம்பெனி பெரும் பங்கை வாங்கியது. 2021-ல் ராணிப்பேட்டையில் பெரிய தொழிற்சாலையும் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. உள்நாட்டுப் பாகங்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதியை மீறியதாகச் சொல்லி, 2023-ல் 7 கம்பெனிகளிடம் கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்டது மத்திய அரசு. அந்தப் பட்டியலில் கிரீவ்ஸின் மின் வண்டிக் கம்பெனியும் இருந்தது. எந்தப் பாகம் எங்கே செய்தது என்பது கோடிக்கணக்கான ரூபாய் விவகாரம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

நம்ம பக்கம்

தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4-ந் தேதி திறக்கப்பட்டது. முதல் கட்டமாக வருஷத்துக்கு 50 ஆயிரம் கார் செய்யத் திட்டம். தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் செய்து பழகிய ஊர்களுக்குப் பக்கத்திலேயே கார்!

கார் பூட்ட ஆள் கிடைப்பார்கள். கன்ட்ரோலர் போர்டைப் பிரித்து, எரிந்த டிரான்சிஸ்டரை மாற்றத் தெரிந்த ஆள்தான் அபூர்வம். பெரும்பாலான கடைகளில் பெட்டியையே மாற்றச் சொல்லி விடுகிறார்கள். எனவே வண்டி வாங்கப் போகிறவர்கள் கலரைப் பார்ப்பதற்கு முன், கன்ட்ரோலருக்கு எத்தனை வருஷம் வாரண்டி, பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா, கம்பெனிக்கு அனுப்புவார்களா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.