உல்லாசப் பயணமும் உள்ளங்கைச் செயலியும்

நண்பர்கள் நால்வர் கூடினால் முதலில் பிறப்பது சிரிப்பு. அடுத்துப் பிறப்பது "எங்கேனும் போய்வருவோமே" என்னும் எண்ணம். கல்லூரியை விட்டுப் பிரிந்தோரும், ஒரே அலுவலகத்தில் பணியாற்றுவோரும், ஒரே தெருவில் வளர்ந்தோரும் இதற்கு விலக்கானவர் அல்லர். ஆனால் எண்ணம் பிறந்த வேகத்தில் பயணம் பிறப்பதில்லை. கைபேசியில் ஒரு குழு தொடங்கப்பெறும். செய்திகள் வந்து குவியும். நாளும் இடமும் முடிவாகுமுன் ஒருவர் மௌனமாவார், இன்னொருவர் வேலையைக் காரணம் காட்டுவார். ஈற்றில் பயணம் நின்றுபோகும். அல்லது ஒருவரை விட்டுவிட்டு ஏனையோர் புறப்படுவர்.

இக்குறையைத் தீர்க்கும் கைபேசிச் செயலியை உருவாக்க இளைஞர் பலர் முனைகின்றனர். கணினி பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது நல்லதொரு திட்டப்பணியாகும். வழி காட்ட வரைபடம் உண்டு. அறை பிடிக்கவும் பயணச்சீட்டு வாங்கவும் செயலிகள் உண்டு. இத்தனை இருந்தும் பயணங்கள் முறிவதேன்? வழி தெரியாமல் அன்று. ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரியாமலேயே அவை முறிகின்றன என்பது நம் துணிபு. ஆகவே இச்செயலியை வடிவமைப்போர் ஊர்களைப் பற்றி எண்ணுமுன் உள்ளங்களைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

யாரும் விரும்பாத பயணம்

ஜெரி ஹார்வி என்னும் அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர், 1974-ஆம் ஆண்டில் தம் குடும்ப நிகழ்ச்சி ஒன்றைக் கட்டுரையாக எழுதினார். டெக்சாஸ் மாநிலத்தில் கோல்மன் என்னும் சிற்றூர். கொளுத்தும் கோடைப் பிற்பகல். வீட்டில் நிம்மதியாக இருந்தோரை நோக்கி மாமனார், "அபிலீனுக்குச் சென்று உணவருந்தி வருவோமா?" என்றார். மகள் இசைந்தார், மருமகனும் மாமியாரும் இசைந்தனர். குளிர்பதன வசதியில்லாத காரில், புழுதிக்கிடையே 53 மைல் சென்று, சுவையற்ற உணவை உண்டு, அதே தொலைவு திரும்பி வந்தனர். வந்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. நால்வரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை! மற்றவர் விரும்புவதாக ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டனர். பிறருக்குச் சலிப்பாக இருக்குமோ என்று கருதியே மாமனாரும் அழைத்தாராம். 'அபிலீன் முரண்' என்று இது இன்றும் மேலாண்மை வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது.

இதிலிருந்து வடிவமைப்போர் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. முதலில் பேசுபவரின் விருப்பம் எல்லோருடைய விருப்பமாகிவிடும் இயல்பு நட்பில் மிகுதி. ஆதலின் செயலியானது, கலந்துரையாடல் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும். அனைவரும் விடை தந்த பின்னரே விடைகளைத் திறந்து காட்ட வேண்டும். 'இம்முறை நான் வரவில்லை' என்னும் விடைக்கும் அதில் மதிப்பான இடம் இருத்தல் வேண்டும்.

வாக்கெடுப்பு மட்டும் போதுமா?

வாக்கெடுத்தால் முடிந்தது என்பர் சிலர். பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785-ஆம் ஆண்டிலேயே இதிலுள்ள சிக்கலைச் சுட்டிக் காட்டினார். நம் ஊர்களை வைத்தே பார்ப்போம். மூன்று நண்பர்கள், உதகை, கொடைக்கானல், ஏற்காடு என மூன்று இடங்கள். முதல்வர் இதே வரிசையில் விரும்புகிறார். இரண்டாமவருக்குக் கொடைக்கானல், ஏற்காடு, உதகை என்பது வரிசை. மூன்றாமவருக்கு ஏற்காடு, உதகை, கொடைக்கானல். உதகையா கொடைக்கானலா என்றால் இருவர் உதகை என்பர். கொடைக்கானலா ஏற்காடா என்றால் இருவர் கொடைக்கானல் என்பர். அப்படியாயின் ஏற்காட்டை உதகை எளிதில் வெல்ல வேண்டுமன்றோ? இல்லை, இருவர் ஏற்காடு என்பர்! செக்கு மாடுபோல் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறோம்.

ஆகவே "உமக்கு மிகப் பிடித்த ஓரிடம் எது?" என்று கேட்பதைவிட, "எந்தெந்த இடங்கள் உமக்கு உடன்பாடு?" என்று கேட்பது நலம். ஒருவர் எத்தனை இடங்களுக்கேனும் இசைவு தரலாம். மிகுதியானோர் இசைந்த இடமே தேர்வாகும். ஒருவரது வெற்றியைத் தேடாமல் பலரது உடன்பாட்டைத் தேடும் முறை இது.

சொல்ல இயலாத தொகை

இனி, உயிர்நாடியான செய்திக்கு வருவோம். நண்பர்களின் பயணம் பெரும்பாலும் முறிவது பணத்தினால். அதுவும் பணம் இல்லாமையால் அன்று, இல்லை என்று சொல்ல இயலாமையால். ஒருவருக்கு மாதச் சம்பளம் பெரிது. இன்னொருவருக்குத் தங்கையின் திருமணக் கடன். வேறொருவருக்கு வேலையே இல்லை. தலைக்கு ஐயாயிரம் ரூபாய் என்று ஒருவர் குழுவில் எழுதியவுடன், இயலாதவர் "எனக்கு விடுப்பில்லை" என்று எழுதிவிடுகிறார். அது பொய்யென்று அவரும் அறிவார். சில வேளைகளில் நண்பரும் அறிவர். அடுத்த பயணத்தின்போது அவரை அழைப்பதையே நிறுத்திவிடுகின்றனர். எத்தனை நட்புகள் இவ்வாறு ஓசையின்றி உதிர்ந்துபோகின்றன!

இங்கேதான் செயலி பேருதவி புரியக்கூடும். இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன், "உம்மால் எவ்வளவு இயலும்?" என்று ஒவ்வொருவரையும் அது மறைவாகக் கேட்கட்டும். பின்னர் மிகக் குறைந்த தொகைக்குள் அடங்கும் பயணங்களை மட்டுமே குழுவின் முன் வைக்கட்டும். அத்தொகையையும் வெளியிடலாகாது. நால்வர் உள்ள குழுவில் தொகை தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடுவார். நாள், விடுப்பு, தொலைவு, செலவு ஆகிய நான்கையும் ஒரே சல்லடையில் சேர்த்துச் சலித்துவிட்டால், ஓர் இடம் எதனால் நீங்கியது என்று எவரும் கண்டறிதல் அரிது. வசதியுள்ளவர் பொதுச் செலவில் கூடுதலாக ஏற்க விரும்பினால், அதற்கும் பெயர் வெளிவராத வழி ஒன்று இருக்கட்டும். கொடுத்தவரைப் பெற்றவர் அறியாதிருப்பது இருவருக்கும் மதிப்பு.

ஒருவர் தலையில் எல்லாச் சுமையுமா?

ஒவ்வொரு குழுவிலும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்பவர் ஒருவர் இருப்பார். சீட்டு வாங்குபவர் அவரே. வண்டி பேசுபவரும் அவரே. குறை கேட்பவரும் அவரே! செயலி இப்பணிகளைப் பெயர் குறித்துப் பகிர்ந்தளிப்பதோடு, உரிய நாளையும் நினைவூட்ட வேண்டும். இரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. இணையவழி முன்பதிவில் ஒரு சீட்டில் 6 பேர் வரையே பெயர் சேர்க்கலாம். எழுவராயின் இரண்டு சீட்டுகள் வேண்டும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற்றாக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இவற்றை மறந்துவிட்டு மலையடிவாரத்தில் நின்று ஒருவரையொருவர் நொந்துகொள்வதில் பயன் என்ன?

மலைப்பாதையில் அலைவரிசை கிடைக்காது. எனவே சீட்டு, முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இணையத் தொடர்பின்றியும் திறக்க வேண்டும். இருப்பிடத்தைக் காட்டும் வசதி பயணம் முடிந்தவுடன் தானே நின்றுவிட வேண்டும். 18 வயது நிரம்பாதவரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துவதையும் வடிவமைப்போர் மனத்திற்கொள்க.

கணக்கு நேரானால்

கணக்குப் பார்க்கும் செயலிகள் முன்பே உள்ளன. 2011-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்பிளிட்வைஸ் அவற்றுள் பெயர்பெற்றது. அவற்றின் நுட்பம் எளியது. நால்வர் பயணத்தில் முதல்வர் வேனுக்கு 7,000 ரூபாயும், இரண்டாமவர் அறைக்கு 4,000 ரூபாயும், மூன்றாமவர் உணவுக்கு 1,000 ரூபாயும் தந்தனர் என்க. நான்காமவர் ஒன்றும் தரவில்லை. மொத்தம் 12,000, தலைக்கு 3,000. ஒவ்வொரு செலவையும் தனித்தனியே பங்கிட்டால் 9 முறை பணம் கைமாற வேண்டும். வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தாலோ மூன்றே முறை போதும். நான்காமவர் முதல்வருக்கு 3,000. மூன்றாமவர் முதல்வருக்கு 1,000, இரண்டாமவருக்கு 1,000. எத்தனை பேர் இருப்பினும், அவர்தம் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவான முறைகளுக்குள் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

2016-இல் யு.பி.ஐ. வந்தபின் பணம் கொடுப்பது எளிதாயிற்று. கேட்பதோ இன்னும் எளிதாகவில்லை. "அந்த நானூறு ரூபாய்..." என்று நண்பனிடம் வாய் திறக்கக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தைச் செயலி தன்மேல் ஏற்றுக்கொள்ளட்டும். வீடு திரும்பும் வழியிலேயே, அனைவருக்கும் ஒரே வகையில், மென்மையான சொற்களில் அது நினைவூட்டட்டும். கடன்பட்டவர் பெயரைச் சிவப்பு எழுத்தில் எல்லோருக்கும் காட்டுவது ஆகாது.

இளம் வடிவமைப்பாளரே! எத்தனை பேர் தரவிறக்கினர், எத்தனை நிமிடம் திரையைப் பார்த்தனர் என்பனவே வணிகர்க்கு அளவுகோல். உமது செயலிக்கு வேறோர் அளவுகோலை நாம் முன்வைக்கிறோம். குழுவில் மிகக் குறைந்த பணம் உடையவர் அப்பயணத்தில் இருந்தாரா? மற்றவரைப் போல் சிரித்தாரா? அடுத்த பயணத்திற்கு அவரே முதலில் அழைப்பு விடுத்தாரா? இம்மூன்றிற்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்குமாயின், உமது உழைப்பு வீண்போகவில்லை என்று உறுதியாக நம்பலாம்.