எஞ்சின் விளக்கு எரிகிறதா? முதலில் இந்தச் சிறிய வால்வைப் பாருங்கள்

காரின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால், நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால், பணிமனையில் சொல்லும் தொகையைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த விளக்கு எதற்காக எரிகிறது என்பதை ஓரளவு புரிந்துகொண்டு, சரியான கேள்விகளோடு பணிமனைக்குள் நுழைவது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உதிரிப்பாகம். அதன் பெயர் ஆயில் கண்ட்ரோல் வால்வு. பட்டறைகளில் சுருக்கமாக ஓசிவி என்பார்கள். சிலர் விவிடி சோலெனாய்டு என்பார்கள்.

நான் கிள்ளானில் வசிக்கிறேன். வேலை ஷா ஆலமில். வீட்டில் இருப்பது ஒரே கார். 1.3 லிட்டர் எஞ்சின், வயது 12. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் கையாக வாங்கியது. நான் வேலைக்குப் போவதும் அதில்தான். வாரத்தில் மூன்று மாலை அப்பாவை டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப் போவதும் அதில்தான். நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அப்பாவுக்கு நிற்கவே தெம்பிருக்காது.

கடந்த ஆண்டு இறுதியில், சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதெல்லாம் கார் நடுங்கத் தொடங்கியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் போகும்போது ஒரு குறையும் தெரியாது. நின்றால்தான் தொல்லை. ஓர் இரவு, அப்பாவோடு வீடு திரும்பும் வழியில், சாலைச் சந்திப்பின் நடுத்தடத்தில் எஞ்சின் அணைந்தே போனது. பின்னால் லோரி ஹார்ன் அடிக்க, மூன்றாவது முயற்சியில்தான் மீண்டும் கிளம்பியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை புறப்படும் நேரத்தில், "நீ இரும்மா, நான் கிராப் பிடிச்சுப் போய்க்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு நாள் கடத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பணிமனையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். திரையில் பி 0011 என்று வந்தது. "டைமிங் செயின் செட் மாத்தணும், 3,200 வெள்ளி ஆகும்" என்றார்கள். செயின் தளர்ந்திருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கோட் அப்படித்தான் சொல்கிறது என்று பதில் வந்தது. வண்டியின் மூடியைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எஞ்சினின் மூச்சுக் கணக்கு

எங்கள் தாமானில் வீட்டோடு சிறிய பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். "கோட் வீட்டு முகவரியைத்தான் சொல்லும் தங்கச்சி. அந்த வீட்ல யாரு தப்பு செஞ்சான்னு நாமதான் பார்க்கணும்" என்றார். பிறகு அந்த முகவரி எது என்பதைப் பொறுமையாக விளக்கினார்.

எஞ்சின் காற்றை இழுத்து, எரித்து, புகையாக வெளியே தள்ளுகிறது. காற்று வரும் வாசலையும் புகை போகும் வாசலையும் திறந்து மூடுபவை வால்வுகள். அவற்றை உரிய நேரத்தில் அழுத்தித் திறப்பது கேம்ஷாப்ட். பத்துமலையில் 272 படி ஏறும்போது நாம் மூச்சு விடுவது போல, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது விடுவதில்லை. எஞ்சினுக்கும் அப்படித்தான். நின்ற இடத்தில் மெதுவாகச் சுழலும்போது ஒரு கணக்கு, மேட்டில் ஏறும்போது வேறு கணக்கு. பழைய எஞ்சின்களில் இந்த நேரத்தை மாற்ற வழியில்லை. விவிடி எனப்படும் முறை வந்த பிறகு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வு திறக்கும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்த முடிகிறது.

நம் சாலைகளில் இது ஒன்றும் புதிதல்ல. 2005இல் அறிமுகமான பெரோடுவா மைவியின் 1.3 எஞ்சினிலேயே டிவிவிடி இருந்தது. டொயோட்டா இதை விவிடி-ஐ என்கிறது. ஹோண்டாவின் பல ஐ-விடெக் எஞ்சின்களிலும் இந்த வேலை நடக்கிறது.

கேம்ஷாப்டைத் திருப்பும் வலு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான கார்களில் எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்திலிருந்துதான். கேம்ஷாப்டின் நுனியில் உள்ள பல்சக்கரத்துக்குள் சிறு அறைகள் உண்டு. ஒரு பக்க அறைக்குள் எண்ணெய் புகுந்தால் கேம்ஷாப்ட் முன்னே திரும்பும். மறுபக்கம் புகுந்தால் பின்னே திரும்பும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று கட்டளையிடுவது ஈசியூ என்ற கணினி. கட்டளையை ஏற்று எண்ணெயைத் திருப்பி விடுவது ஆயில் கண்ட்ரோல் வால்வு. அதன் ஒரு முனையில் மின்காந்தச் சுருள். மறு முனையில், துளைகள் கொண்ட குழாய்க்குள் முன்னும் பின்னும் நகரும் ஒரு சிறு தண்டு. எண்ணெய்க் கசடு சிக்கி அந்தத் தண்டு நகராமல் போனால், கணினி என்ன சொன்னாலும் கேம்ஷாப்ட் கேட்காது.

கோட் சொன்னதும் சொல்லாததும்

பி 0011 என்றால், உள்வாங்கும் வால்வுகளின் கேம்ஷாப்ட் இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னே நிற்கிறது என்று பொருள். அதற்குக் காரணம் சிக்கிய வால்வாக இருக்கலாம். எண்ணெய் குறைந்திருக்கலாம், கெட்டிருக்கலாம். பல்சக்கரமே பழுதாகியிருக்கலாம். செயினும் தளர்ந்திருக்கலாம். ஆகவே அந்தப் பணிமனை சொன்னது நடக்கவே முடியாத காரியம் அல்ல. ஆனால் மலிவானதையும் எளிதானதையும் முதலில் பார்ப்பதுதான் முறை.

அண்ணன் தம் ஸ்கேனரில், எஞ்சின் ஓடும்போதே வரும் நேரடித் தகவல்களைக் காட்டினார். நின்ற நிலையில் கணினி கேட்ட கோணம் பூஜ்யம். கேம்ஷாப்ட் நின்றதோ 18 பாகையில். உள்வாங்கும் வால்வு சீக்கிரமே திறந்துகொள்வதால் புகையும் புதுக் காற்றும் கலந்து, மெதுவாகச் சுழலும் எஞ்சின் திணறுகிறது. வேகம் கூடும்போது அந்த 18 பாகை பெரிதாக உறுத்துவதில்லை. நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிய கார் சமிக்ஞை விளக்கில் ஏன் நடுங்கியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்து எண்ணெய்க் கோலை உருவினார். அளவு சரியாக இருந்தது. ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோது, அதன் அடியில் கறுப்பாகப் பிசின் போல ஒட்டியிருந்தது. "இந்தக் கசடு மூணு வருஷத்துல சேர்ந்தது இல்ல. முன்ன வச்சிருந்தவரு எண்ணெய் மாத்தாம ஓட்டியிருக்காரு" என்றார்.

கழற்றும் முறை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்கினோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். பல எஞ்சின்களில் இந்த வால்வு, டைமிங் செயின் மூடியுள்ள பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டின் மேல் பகுதியில் இருக்கும். என் காரிலும் அங்கேதான். வால்வைச் சுற்றியிருந்த தூசியையும் மண்ணையும் துணியால் துடைத்தார். கழற்றியதும் திறக்கும் ஓட்டை எஞ்சினுக்குள் போகிறது. அதில் ஒரு மணல்கூட விழக்கூடாது.

அடுத்து மின்சார சாக்கெட். அதன் பூட்டை அழுத்திக்கொண்டு சாக்கெட்டைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. பல ஆண்டு வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும் நிலையில் இருக்கும்.

பிறகு, வால்வைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட். அதைக் கழற்ற என்னையே சொன்னார். வால்வு உடனே வெளியே வந்துவிடாது. பழைய ஓ-ரிங் இறுகப் பிடித்திருக்கும். கையால் இடமும் வலமுமாகச் சற்றுத் திருப்பித் திருப்பி, நேராக இழுக்க வேண்டும். திருப்புளியால் நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும். அதன் பிறகு எண்ணெய் கசிவது நிற்காது. வால்வு வெளியே வந்ததும் கொஞ்சம் எண்ணெய் வழியும் என்பதால் கீழே துணி விரித்திருந்தோம். பழைய ஓ-ரிங் வால்வோடு வந்ததா, ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

வெளியே வந்த வால்வில், எண்ணெய் நுழையும் இடத்தில் உள்ள சன்னமான வலையில் பாதிக்கு மேல் கறுப்புக் கசடு. சில எஞ்சின்களில் இந்த வலை தனியாக ஒரு போல்ட்டின் பின்னால் இருக்கும். அதையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. வலையில் மினுமினுக்கும் உலோகத் துகள்கள் தெரிந்தால் கதை வேறு. எஞ்சினுக்குள் ஏதோ தேய்கிறது என்று பொருள். வால்வை மாற்றினால் மட்டும் தீராது.

இரண்டு சோதனைகள்

முதல் சோதனைக்கு மல்டிமீட்டர் போதும். டொயோட்டா வகை வால்வுகளில் சுருளின் மின்தடை 20 பாகை செல்சியஸில் பொதுவாக 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்கும். மற்ற எஞ்சின்களுக்கு அந்தந்தக் கையேட்டில் உள்ள அளவே சரி. என் காரின் வால்வு கையேட்டு அளவுக்குள்தான் இருந்தது. சுருள் நன்றாக இருக்கிறது.

இரண்டாவது சோதனையில், பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை ஓரிரு நொடி மட்டும் தொட்டுக் காட்டினார். நீண்ட நேரம் கொடுத்தால் சுருள் கருகிவிடும். நல்ல வால்வென்றால் 'டிக்' என்ற சத்தத்தோடு தண்டு முழுதாக நகர்ந்து, மின்சாரத்தை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். என்னுடையது பாதி வழியில் நின்றுவிட்டது. கிளீனர் தெளித்துக் கழுவிய பிறகும் தண்டு மெதுவாகத்தான் திரும்பியது. "கழுவினா கொஞ்ச நாள் ஓடும். ஆனா அப்பாவ ஏத்திக்கிட்டுப் போற வண்டி. மாத்திடலாம்" என்றார். நானும் அதையே நினைத்தேன்.

பூட்டும் முறை

உதிரிப்பாகக் கடையில் எஞ்சின் எண்ணைச் சொல்லி அசல் வால்வு வாங்கினோம். விலை 240 வெள்ளி. அதைவிடப் பாதி விலையிலும் ஒன்று இருந்தது; அண்ணன் அதைக் கையில் எடுக்கவே இல்லை.

புதிய ஓ-ரிங்கில் புதிய எஞ்சின் எண்ணெயைத் தடவி, வால்வை நேராக உள்ளே அழுத்த வேண்டும். காய்ந்த ரப்பரை அழுத்தினால் அது மடங்கிக் கிழியும். போல்ட்டை முதலில் விரலால் திருகி, பிறகு ஸ்பேனரால் அளவோடு இறுக்க வேண்டும். இத்தகைய சிறு போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். பலம் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும். கடைசியாக சாக்கெட்டையும் பேட்டரியையும் பொருத்தி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, கோடை அழித்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினோம். நின்ற நிலையில் கேட்ட கோணமும் கிடைத்த கோணமும் பூஜ்யத்தில் ஒன்றாக நின்றன. கசிவு இல்லை.

மொத்தச் செலவு: வால்வு 240, எண்ணெயும் ஃபில்டரும் 150, கூலி 60 என 450 வெள்ளி. உள்ளே மிச்சமிருக்கும் கசடு கரைந்து வரும் என்பதால், 1,000 கிலோமீட்டரில் மீண்டும் ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொன்னார், மாற்றினேன். அப்பா கிராப் பேச்சை எடுப்பதில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எல்லாக் கார்களிலும் இது இவ்வளவு எளிதல்ல. சில எஞ்சின்களில் இந்த வால்வு கேம்ஷாப்டின் நடு போல்ட்டாகவே இருக்கும். அதைத் தளர்த்தினால் டைமிங்கே கலைந்துவிடும். அத்தகைய வேலையை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் எண்ணெய் மாற்றுபவர்கள் பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும்.

பணிமனையில் கேட்க வேண்டியவை

நாமே ஸ்பேனர் பிடிக்காவிட்டாலும் கேள்வி கேட்கலாம். கோட் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். கணினி கேட்கும் கோணத்தையும் உண்மையான கோணத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயின் அளவையும் நிறத்தையும் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள். வால்வைக் கழற்றிச் சோதித்தார்களா என்று கேளுங்கள். செயின்தான் காரணம் என்றால் சான்று கேளுங்கள்: காலையில் கிளப்பும்போது வரும் கடகட சத்தம், கேம்ஷாப்டும் கிராங்க்‌ஷாப்டும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி 0016 கோட், மூடியைத் திறந்து எடுத்த படம் என ஏதாவது ஒன்று இருக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

எண்ணெய் மாற்றும் இடைவெளியிலும் கவனம் தேவை. நெரிசலில் ஊர்வதும், பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்குமாகக் குறுந்தூரம் ஓட்டுவதும் பல கார்களின் கையேட்டில் 'கடும் பயன்பாடு' என்ற பிரிவில் வரும். அதற்கு இடைவெளி குறைவு. காலை எட்டு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் சேர்வார்கள்.

இரண்டாம் கை கார் வாங்கப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சாயத்தையும் ரேடியோவையும் பார்ப்பதற்கு முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிசின் போல ஒட்டிக்கொண்டு வந்தால், விலை பேசும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.