குளிர் காய்ச்சல் தரும் வெள்ளைப் புகை

வன்னிக்குக் குளிர் காய்ச்சல் புதிதல்ல. மலேரியா பரவியிருந்த காலத்தில், உடல் தூக்கிப்போட நடுங்கினால் என்ன நோயென்று பாட்டிமாரே சொல்லிவிடுவார்கள். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் நுளம்பு கடிக்காமலே அதே நடுக்கத்தைத் தரும் காய்ச்சல் ஒன்று உண்டு. அது வெல்டிங் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வருகிறது.

ஏ9 வீதியிலிருந்து நெடுங்கேணி வீதி பிரியும் புளியங்குளம் போன்ற ஊர்களில் வெல்டிங் தெரிந்தவரின் கை எல்லோருக்கும் வேண்டும். வீட்டுக் கேற், யன்னல் கிறில், அறுவடை நேரத்தில் உடைந்த உழவு இயந்திரப் பெட்டி எல்லாம் அவரிடம்தான் போகும். நாகம் பூசிய குழாய்களைப் பகல் முழுதும் ஒட்டியவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், குளிர் எடுக்கும். வாயில் உலோகச் சுவை, வறண்ட தொண்டை, இருமல், உடல் நோவு. ஓரிரு நாளில் எல்லாம் மறைந்துவிடும். உலோகப் புகைக் காய்ச்சல் என்பது இதுதான்.

அந்தப் புகை, விறகுப் புகையைப் போன்றதல்ல. அது கொதித்து ஆவியான உலோகம். வெல்டிங் மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் பாகை செல்சியஸ். இரும்பு உருக 1538 பாகை வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே இரும்பு இளகுமுன்பே அதன் பூச்சு ஆவியாகி, காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து வெள்ளைத் துகளாகிறது. தோல் அரிப்புக்குப் பூசும் கலமைன் மருந்தில் இருக்கும் நாக ஒட்சைட்டும் இதே பொருள்தான். தோலுக்கு இதமானது சுவாசப்பைக்கு ஏன் ஆகவில்லை?

துகளின் நுண்மைதான் காரணம். ஒரு தலைமயிரின் தடிப்புக்குக் குறுக்கே இந்தத் துகள்களைப் பல நூறாக அடுக்கலாம். வீதிப் புழுதியின் பருமணிகளை மூக்கு மயிரும், மூச்சுக்குழாயின் சீதமும் பிடித்துக்கொள்ளும். அங்குள்ள நுண்ணிய பிசிர்கள் ஓயாமல் அசைந்து அழுக்கை மேலே தள்ளும். உலோகத் துகள்களோ இந்தக் காவலைக் கடந்து, சுவாசப்பையின் 30 கோடிக்கும் அதிகமான சிற்றறைகள் வரை போய்விடும். அங்கே அவற்றை விழுங்கும் தின்குழியங்கள் அபாயச் செய்தியை இரத்தத்தில் அனுப்ப, கிருமியே இல்லாத உடல் கிருமியோடு போராடுவதுபோலக் கொதிக்கிறது.

இதைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றும் சொல்வார்கள். தினமும் புகை பட்டால் உடல் பழகிவிடும், காய்ச்சல் வராது. விடுமுறையில் அந்தப் பழக்கம் கலைந்து, திங்களன்று மீண்டும் காயும். 'எனக்கு இப்ப பழகிற்று' என்று ஒருவர் சொல்லும்போதுதான் நாம் கவலைப்பட வேண்டும். காய்ச்சல்தான் நின்றது, துகள் இறங்குவது நிற்கவில்லை.

ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தால் மூச்சுக்குழாய்கள் அழன்று நாட்பட்ட இருமல் வரும். நியூமோனியா தொற்றும் வாய்ப்புக் கூடும். கறையில்லா உருக்கை ஒட்டும்போது எழும் குரோமியம், ஆஸ்துமாவைத் தூண்டலாம். 2017 இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதலாம் தொகுதியில் சேர்த்தது.

காப்பு எளிதாகவே தொடங்கும். கறுப்புக் கண்ணாடி கண்ணைத்தான் காக்கும். முகத்தில் கட்டிய கைலேஞ்சியின் இழைகளுக்கிடையே இந்தத் துகள் தாராளமாகப் புகும். திறந்த வெளியில் ஒட்டுவது, காற்று பக்கவாட்டில் வீச நிற்பது, எழும் புகைக்கு மேலே தலையைக் குனியாதிருப்பது, ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சை முதலில் நீக்குவது, உலோகப் புகையை வடிக்கும் தரமான சுவாசக் கவசம் அணிவது ஆகியவை சுவாசப்பைக்குப் போகும் சுமையைக் குறைக்கும். பால் குடித்தால் புகை முறியும் என்பதை நம்பியிருக்க வேண்டாம். மூச்சு முட்டினாலோ, காய்ச்சல் இரண்டு நாளில் தணியாவிட்டாலோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நோயாளியிடம் அவருடைய தொழிலையும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி 1700 ஆம் ஆண்டிலேயே எழுதினார். மலேரியாவைத் தேட ஒரு துளி இரத்தம் வேண்டியிருந்தது. இந்தக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க, 'இண்டைக்கு என்ன ஒட்டினீங்கள்?' என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்டாலே வழி திறந்துவிடும்.