ஒரு ரூபாய் தர்மத்தின் அரசியல்

கலவையில் உட்கார்ந்து வேலூர்த் திரையரங்குக்குச் செல்பேசியில் சீட்டெடுப்பவர், கடைசித் தொகை கொஞ்சம் கூடியிருந்தால் கவனிப்பதில்லை. புக்மைஷோ நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சீட்டுக்கு 1 ரூபாயை 'புக் எ ஸ்மைல்' என்ற தன் தொண்டுக் கணக்குக்கு முன்கூட்டியே சேர்த்துத்தான் காட்டியது. வேண்டாமென்றால் தேடிப்பிடித்து நீக்க வேண்டும். முறையிட்டவரை நம்மாட்களே கேட்டார்கள்: 'ஒரு ரூபாதானே, போனாப் போவுது.'

பிரச்சினை ரூபாய் அல்ல. கொடை என்பது கொடுப்பவரின் முடிவு. அம்முடிவை வேறொருவர் எடுத்துவிட்டு, மறுக்கும் வேலையை மட்டும் நம்மிடம் தள்ளும்போது கொடை வரியாகிறது. பணம் நம்முடையது, பேர் அவர்களுடையது. மறுப்பவர் கஞ்சனாகக் கட்டமைக்கப்படுகிறார். அதிகாரம் இங்கே மிரட்டுவதில்லை, கூச வைக்கிறது.

வணிகத்தோடு தர்மம் சேர்வது நமக்குப் புதிதல்ல. நாடார் உறவின்முறைகள் சரக்குக்கு இவ்வளவென்று மகமை பிரித்தன. விருதுநகரில் 1889இல் க்ஷத்ரிய வித்யாசாலா எழுந்தது அப்படித்தான். மகமையிலும் கட்டாயம் உண்டு, சாதியின் எல்லையும் உண்டு. ஆனால் கொடுத்தவர் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கலாம். செல்பேசித் திரையிடம் யார் கேட்பது?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில், சம்மதமின்றி நன்கொடையைக் கணக்கில் நுழைப்பதும், மறுப்பவரைக் குற்ற உணர்வில் தள்ளுவதும் அடக்கம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். சொல்ல வேண்டும். 'வேண்டாம்' என்பதற்கு இடமிருந்தால்தான் 'தருகிறேன்' என்பதற்குப் பொருள்.