ஒரே குறுஞ்செய்தி... வீட்டில் நாலு பேர்... ஏமாறுவது யார்?

‘கடந்த மாத மின் கட்டணம் பதிவாகவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணை அழைக்கவும்.’

இந்த மோசடிக் குறுஞ்செய்தி ஒரே வீட்டில் நாலு பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பதறிப்போய் அந்த எண்ணை அழைப்பார். ஆபீஸ் அவசரத்தில் இருக்கும் அப்பா, ‘கட்டித் தொலைப்போம்’ என்று அவர்கள் சொன்ன செயலியை இறக்குவார். ‘நம்மகிட்டயேவா?’ என்று சிரிக்கும் கல்லூரி மகன், மறுநாள் டெலிகிராமில் வந்த ‘பார்ட் டைம்’ வேலையில் பணத்தைக் கட்டுவான். அம்மா மட்டும் பழைய ரசீதைத் தேடி எடுத்துப் பார்ப்பார்.

அறிவா, சுபாவமா?

ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். காரணம், தெரிந்திருப்பது வேறு, அந்த நிமிடத்தில் நடந்துகொள்வது வேறு. எதையும் சரிபார்த்துச் செய்யும் பொறுப்புணர்வு உள்ளவர்கள் பாதுகாப்பு விஷயத்திலும் கவனமாக இருப்பதாகவும், அவசர சுபாவம் ஆபத்தில் தள்ளுவதாகவும் உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. மோசடிக்காரர்கள் குறி வைப்பது போனை அல்ல. நம் பயத்தை, ஆசையை, அவசரத்தை.

யாருக்கு என்ன வழி?

பயப்படுகிறவர்கள்: ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. போலீஸ் என்று மிரட்டினால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

அவசரக்காரர்கள்: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. பின் கேட்டால் கை நிற்க வேண்டும்.

‘எனக்குத் தெரியும்’ என்பவர்கள்: வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போட்டுவையுங்கள். நம் கவனம் தவறினாலும் அது காவல் காக்கும்.

திட்டாதீர்கள்!

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. ஆனால், அப்பா திட்டுவாரே என்று மகன் இரண்டு நாள் மறைத்தால்? பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று தாத்தா வாயைத் திறக்காவிட்டால்? அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டியிருக்கும்.

‘ஏமாந்துட்டேன்’ என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற வீடுதான் பாதுகாப்பான வீடு. இன்று சாப்பிட உட்காரும்போது, இதை வீட்டில் சொல்லிவையுங்கள்.